ஃபெல்ட் லைனர் வச்ச வேட்டை பூட்ஸ்: உட்கார்றவங்களுக்கு சரி, நடக்குறவங்களுக்கு தண்டம்

குளிர்ல மான் வேட்டைக்குப் போற எல்லாரும் ஒரு கட்டத்துல தேடுற சாமான் இது, அதனால கொஞ்சம் நீட்டாவே எழுதுறேன், பொறுமை இல்லாதவங்க அடுத்த பாராவை மட்டும் படிச்சிட்டுப் போயிடலாம். நான் எடுத்தது பேக் பூட்ஸ்னு சொல்வாங்களே அந்த வகை. கீழ முழுசா ரப்பர், மேல லெதர், உள்ள தனியா கழட்டி எடுக்குற மாதிரி கம்பளி கலந்த ஃபெல்ட் லைனர் (அழுத்திச் செஞ்ச கெட்டித் துணியில ஒரு உள்ளுறை), லைனரோட தடிமன் 9 மில்லிமீட்டர், உயரம் பாதிக் கெண்டைக்கால் வரைக்கும். பிராண்ட் பேர் போடல. இதே அமைப்புல நாலஞ்சு கம்பெனி கிட்டத்தட்ட ஒரே பூட்ஸைத்தான் விக்கிறாங்க, நான் சொல்லப்போற நல்லது கெட்டது ரெண்டுமே அந்த அமைப்பைப் பத்தினது, மேல ஒட்டியிருக்குற லோகோவைப் பத்தினது இல்ல.

தீர்ப்பு இதுதான்: மரத்து மேல கட்டி உட்கார்ற ட்ரீ ஸ்டாண்ட்லயோ தரையில மறைஞ்சு உட்கார்ற பிளைண்ட்லயோ அசையாம மணிக்கணக்கா உட்கார்ற ஆளா இருந்தா தாராளமா வாங்கலாம். மலை ஏறி எறங்கி தடம் பாத்துப் போற ஆளா இருந்தா தொடாதீங்க. பெட்டி மேல போட்டிருக்குற மைனஸ் 40 டிகிரியை நம்பி வாங்குனா ரெண்டு பேருமே ஏமாந்துதான் போவீங்க. 5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ வருது.

மொதல்ல அந்த மைனஸ் 40 கதையைப் பேசிடுவோம், ஏன்னா எல்லாரும் அதைப் பாத்துத்தான் காசைப் போடுறாங்க. வேட்டை பூட்ஸ் மேல இருக்குற வெப்பநிலை நம்பர்ல பெரும்பாலானது கம்பெனி தானே வச்சிக்கிற நம்பர், அதுவும் நீங்க நடந்துக்கிட்டே இருப்பீங்கன்னு வச்சிப் போட்டது. நடக்குறப்போ உடம்பு அடுப்பு மாதிரி எரியுது, சூடான ரத்தம் பாதம் வரைக்கும் வருது, அப்போ எந்த பூட்ஸும் நல்லாத்தான் இருக்கும். உட்கார்ந்து அரைமணி ஆனா கதையே வேற. தொழிற்சாலைக்கான பாதுகாப்பு பூட்ஸுக்கு ஐரோப்பாவுல ஒரு முறையான டெஸ்ட் இருக்கு, சிஐன்னு முத்திரை போடுவாங்க, மைனஸ் 17 டிகிரியில 30 நிமிஷம் வச்சா பூட்ஸ் உள்ள வெப்பம் 10 டிகிரிக்கு மேல இறங்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. யோசிச்சுப் பாருங்க, முறையா டெஸ்ட் பண்ணி முத்திரை வாங்குன பூட்ஸே அரைமணி நேரத்துல உள்வெப்பம் 10 டிகிரி அளவுக்குக் குறையலாம்னு அனுமதி. நாம உட்கார்றது விடியறதுக்கு முன்னால இருந்து பத்து மணி வரைக்கும். அதனால நம்பரை ஒரு பூட்ஸை இன்னொரு பூட்ஸோட ஒப்பிடுறதுக்கு மட்டும் வச்சிக்கோங்க, அதுவும் ஒரே கம்பெனிக்குள்ள. என் கால்ல இந்த பூட்ஸ், நல்ல கம்பளி சாக்ஸோட, அசையாம உட்கார்ந்தா மைனஸ் 12 வரைக்கும் நிம்மதி, அதுக்குக் கீழ போனா வேற உதவி வேணும். உங்க கால் வேற மாதிரி இருக்கலாம், சிலருக்கு பாதம் எப்பவுமே ஜில்லுன்னு இருக்கும், அவங்க இதுல இருந்து இன்னும் கொஞ்சம் கழிச்சிக்கணும்.

அதே மாதிரி இன்னொரு குழப்பம் கிராம் கணக்கு. லைனர் இல்லாத பூட்ஸ்ல எல்லாம் 400 கிராம் தின்சுலேட் (சூட்டைப் பிடிச்சு வைக்கிற செயற்கைப் பஞ்சு), 800 கிராம், 1200 கிராம்னு போட்டிருப்பான். அது பூட்ஸுக்குள்ள இருக்குற பஞ்சோட மொத்த எடை இல்ல, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடைங்கிறது. நம்பர் ஏற ஏற தடிமன் ஏறுது, சரி, ஆனா எந்த எடத்துல அந்த தடிமன் இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. மேல்பாதத்துக்கு மேல பொசுபொசுன்னு வச்சிட்டு உள்ளங்காலுக்கு அடியில ஒண்ணுமே இல்லாம விட்ட பூட்ஸை நானே கடையில கைய விட்டுப் பாத்திருக்கேன். பஞ்சு சூடு குடுக்குறது இல்ல, பஞ்சுக்குள்ள நிக்கிற காத்துதான் சூட்டைப் பிடிச்சு வைக்குது. உங்க முழு எடையும் மிதிக்கிற எடத்துல அந்தக் காத்து நசுங்கி வெளிய போயிடும். அதனாலதான் குளிர் எப்பவும் மொதல்ல அடியில இருந்து ஏறுது. இந்த ஃபெல்ட் லைனர்ல எனக்குப் பிடிச்ச முதல் விஷயம் அதுதான், கம்பளி ஃபெல்ட் அடர்த்தியா இருக்குறதால மிதிச்சாலும் பாலியஸ்டர் பஞ்சு அளவுக்கு நசுங்கல, அடிப்பாகத்துலயும் அதே 9 மில்லிமீட்டர் இருக்கு. ஆனா கூடவே குடுத்த, உள்ளங்காலுக்கு அடியில போடுற இன்சோல் இருக்கு பாருங்க, அட்டை மாதிரி ஒண்ணு, அதைத் தூக்கிப் போட்டுட்டு தனியா ஒரு தடிமனான கம்பளி இன்சோல் போட்டேன். இவ்வளவு நல்ல லைனர் பண்ணத் தெரிஞ்சவன் இன்சோல்ல ஏன் இப்படி கஞ்சத்தனம் பண்றான்னு புரியல.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். கால் விறைச்சுப் போச்சுன்னு புலம்புறவங்கள்ல பாதிப் பேருக்கு பூட்ஸ்ல குறை இல்ல, அவங்க கால் நனைஞ்சிருக்கு, வெளித் தண்ணியால இல்ல, சொந்த வேர்வையால. ரெண்டு பாதத்துலயும் சேத்து சுமார் 2.5 லட்சம் வேர்வைச் சுரப்பி இருக்கு. காரை நிறுத்திட்டு, முதுகுல பை, கையில துப்பாக்கியோ வில்லோ, முழங்கால் வரைக்கும் பனி, அதுல அரைமணி நேரம் மேடு ஏறுனா சாக்ஸ் நனையாம என்ன பண்ணும். ஏறுறப்போ தெரியாது, சூடா சுகமாத்தான் இருக்கும். மேல போய் உட்கார்ந்து இருபது நிமிஷம் கழிச்சு சுண்டுவிரல்ல ஆரம்பிக்கும். தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும், ஈர சாக்ஸ் போட்டுட்டு மேல எத்தனை கிராம் இன்சுலேஷன் வச்சாலும் அது கணக்குக்கு வராது.

அதனால பூட்ஸை மதிப்பிடுறப்போ நான் கேக்குற முதல் கேள்வி, எவ்வளவு சூடு குடுக்குங்கிறது இல்ல, உள்ள வர்ற ஈரத்தை என்ன பண்ணுதுங்கிறதுதான். இதுல ஃபெல்ட் லைனர் உண்மையிலயே கெட்டிக்காரத்தனமான அமைப்பு. வேர்வை ஆவி சூடான காலை விட்டு குளிர்ந்த பக்கமா நகரும், சாக்ஸைத் தாண்டி, ஃபெல்டைத் தாண்டி, ரப்பரோட உள்சுவத்துல போய் முட்டி அங்க நிக்கும். சாயங்காலம் லைனரை உருவி எடுத்தா ரப்பர் உள்பக்கம் பூரா வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும், லைனரோட வெளிப்பக்கம் ஈரமா இருக்கும், உள்பக்கம் கிட்டத்தட்ட காஞ்சிருக்கும். முதல்ல அதைப் பாத்தப்போ பூட்ஸ் ஒழுகுதோன்னு தோணும், ஒழுகல, அது உங்க வேர்வைதான், காலுக்குப் பக்கத்துல நிக்காம தள்ளிப் போய் நிக்குது. லைனர் தைச்சே வச்ச பூட்ஸ்ல இந்த ஈரம் பஞ்சுக்குள்ள மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா காயாம, மறுநாள் காலையில நீங்க ஈர பூட்ஸுக்குள்ளதான் காலை விடணும். ஒருநாள் வேட்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான், மூணு நாள் தொடர்ச்சியா காட்டுல இருக்கணும்னா வித்தியாசம் தெரியும், மூணாம் நாள் ரொம்ப நல்லாவே தெரியும்.

இதுக்காக கம்பெனியை மட்டும் நம்பி இருக்க முடியாது, நம்ம பக்கமும் வேலை இருக்கு. நான் பண்றது என்னன்னா, ஸ்டாண்ட் வரைக்கும் நடக்குறதுக்கு மெல்லிசா ஒரே ஒரு சாக்ஸ், பூட்ஸ் லேஸை மேல்பாதி கட்டாம தளர்த்தி விட்டுடுவேன், ஜாக்கெட் பைக்குள்ள, உடம்புல போட்டுக்க மாட்டேன், கொஞ்சம் குளிரக் குளிரவே நடப்பேன். அவசரமே படமாட்டேன், நேரம் வேணும்னா இன்னும் முன்னாடியே கிளம்பணும், அவ்வளவுதான். ஸ்டாண்ட் அடியில வந்ததும் சாக்ஸைக் கழட்டி, காலை நல்லா துடைச்சிட்டு, பையில பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருக்குற காஞ்ச தடிமன் மெரினோ கம்பளி சாக்ஸைப் போட்டுப்பேன். பனியில ஒத்தைக்கால்ல நின்னுக்கிட்டு சாக்ஸ் மாத்துறது பாக்க கேவலமாத்தான் இருக்கும், கூட வர்றவங்க சிரிப்பாங்க, ஒம்பது மணிக்கு அவங்க காலைத் தட்டித் தட்டி மானை விரட்டிட்டு இருப்பாங்க, அப்போ நாம சிரிச்சிக்கலாம். தூரம் ரொம்ப அதிகம்னா சாதாரண ஹைக்கிங் ஷூவுல நடந்து போய், பேக் பூட்ஸை முதுகுல கட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க, அதுவும் நல்ல யோசனைதான், எடைதான் பிரச்சனை.

எடைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஜோடி சுமார் 2 கிலோ. கால்ல 1 கிலோ கட்டிட்டு நடக்குறது முதுகுல 5 கிலோ தூக்கிட்டு நடக்குறதுக்குச் சமம்னு ராணுவ ஆராய்ச்சியில எப்பவோ அளந்து சொல்லிட்டாங்க. அப்போ இந்த பூட்ஸோட மலை ஏறுனா எவ்வளவு வேர்க்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. குதிகால் வேற மேடு ஏறுறப்போ உள்ள மேலயும் கீழயும் வழுக்குது, கணுக்காலுக்கு பிடிமானம் கிடையாது, பாறையில கால் மடங்குனா பூட்ஸ் காப்பாத்தாது. நடக்குறவங்களுக்கு தண்டம்னு தலைப்புலயே போட்டது இதுக்காகத்தான். அவங்களுக்கு 200 இல்ல 400 கிராம் இன்சுலேஷனோட, மெம்ப்ரேன் வச்ச லெதர் பூட்ஸ் போதும், உட்கார்ற நேரத்துக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம், அதுவும் சொல்றேன். மெம்ப்ரேன்னா கோர்டெக்ஸ் மாதிரி சமாச்சாரம், தண்ணித்துளி உள்ள வராது, ஆவி வெளிய போகும்னு சொல்வாங்க, சொல்றது உண்மைதான், ஆனா வெளி லெதர் தண்ணி குடிச்சு ஊறிப் போச்சுன்னா ஆவி போறதுக்கு வழி அடைஞ்சிடும். அதனால மெம்ப்ரேன் இருக்குன்னு மெழுகு பூசாம விடக்கூடாது.

இப்போ தண்ணி. வாங்குனதும் நான் பண்ண முதல் வேலை, காலுக்கு மெல்லிசு சாக்ஸ் போட்டு, லைனர் இல்லாம வெறும் பூட்ஸை மாட்டிக்கிட்டு, ஒரு பெரிய தொட்டியில தண்ணி நிரப்பி, ரப்பரும் லெதரும் சேர்ற தையலுக்கு ரெண்டு விரல்கட்டை மேல தண்ணி நிக்கிற மாதிரி கால்மணி நேரம் நின்னது. இதை எல்லாருமே பண்ணுங்க, திருப்பிக் குடுக்குற தேதி முடியறதுக்குள்ள பண்ணுங்க. இந்த வகை பூட்ஸோட உயிரே அந்தத் தையல்தான், ஒழுகுனா அங்கதான் ஒழுகும். அது இன்னிக்கு நேத்து பிரச்சனையும் இல்ல. 1912ல அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல லியோன் லியோன்வுட் பீன்னு ஒருத்தர், வேட்டைக்குப் போய் கால் நனைஞ்சு வெறுத்துப் போய், கீழ ரப்பர் மேல லெதர்னு ஒரு ஷூ தைக்க வச்சு தபால்ல வித்தார், முதல்ல வித்த 100 ஜோடியில 90 திரும்பி வந்துச்சாம், காரணம் அந்தத் தையல் பிஞ்சதுதான். காசைத் திருப்பிக் குடுத்து, கடன் வாங்கி, சரி பண்ணித் திரும்பப் போட்டார், அந்தக் கம்பெனி இன்னும் நடக்குது. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் நாம தேய்ச்சுப் பாக்க வேண்டிய எடம் அதே எடம்தான்.

என் ஜோடி டெஸ்ட்ல பாஸ். ஓடை தாண்டுறப்போ, சேத்துல இறங்குறப்போ, ரப்பர் உயரம் வரைக்கும் ஒரு சொட்டு வரல. ஆனா மேல இருக்குற லெதர், உருகுற ஈரப்பனியில அரைநாள் நடந்தா தண்ணி குடிக்குது. உள்ள உடனே வராது, லைனரோட மேல்பட்டை மட்டும் ஈரமாகும், அங்க இருந்து மெல்ல மெல்ல கீழ இறங்கும். கம்பெனி இதுக்கு மெழுகு பூசச் சொல்லி ஒரு சீட்டு வச்சிருக்கான், பூசுனா சரியாகுது, சீசனுக்கு ஒரு தடவை போதாது. அதோட லைனரோட மேல் விளிம்புல பனி தடுக்குற பட்டையோ இழுத்துக் கட்டுற கயிறோ எதுவும் இல்ல, முழங்கால் பனியில நடந்தா மேல வழியா உள்ள கொட்டும். கெய்ட்டர், அதாவது பூட்ஸ் வாயையும் கெண்டைக்காலையும் சேத்து மூடுற உறை, மாட்டித்தான் ஆகணும். போன ஸ்டார்ல பாதி இதுக்கு, மீதிப் பாதி லேஸுக்கு. லேஸ் உருண்டையா வழவழன்னு இருக்கு, கட்டுனா நிக்காது, ஈரமாகி உறைஞ்சா கம்பி மாதிரி ஆயிடும், கையுறையோட அவுக்கவே முடியாது. தட்டையான மெழுகு லேஸ் மாத்திட்டேன்.

சாக்ஸ் பத்தி ரெண்டு வார்த்தை. பருத்தி வேணவே வேணாம், ஈரமானா ஈரமாவே கிடக்கும். மெரினோ தன் எடையில மூணுல ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை நாருக்குள்ளயே வாங்கிக்கிட்டும் தோல்ல ஈரம் தெரியாம வச்சிக்கும். ரெண்டு சாக்ஸ் போட்டா ரெண்டு மடங்கு சூடுன்னு நினைக்கிறது பெரிய தப்பு, பூட்ஸ்ல அதுக்கு எடம் இருந்தாத்தான். இறுக்கமாச்சுன்னா ரெண்டு கெடுதல், காத்து நசுங்கிடும், ரத்த ஓட்டமும் குறையும். விரலை உள்ள மடக்கி நீட்ட முடியணும், அது முடியலன்னா சாக்ஸை மெல்லிசாக்குங்க. இந்த வகை பூட்ஸ் பெரும்பாலும் அரை சைஸ்ல வராது, முழு சைஸ்தான், உங்களுது அரை சைஸா இருந்தா மேல போங்க, கீழ வேணாம். வாங்கப் போறப்போ வேட்டைக்குப் போடுற அதே சாக்ஸை எடுத்துட்டுப் போங்க, சாயங்காலமா போங்க, பாதம் அப்போ கொஞ்சம் வீங்கி இருக்கும்.

அதுக்கும் மேல ரொம்ப வேர்க்குற காலா இருந்தா, அக்குளுக்குப் போடுற வேர்வை தடுக்குற ரோல்-ஆன் இருக்கே, அதை முந்தின நாள் ராத்திரியே உள்ளங்கால்ல பூசிட்டுத் தூங்குங்க. வாசனை இல்லாததா வாங்குங்க, மானுக்கு மூக்குதான் கண்ணு. ஆமா, வாசனைன்னதும், ரப்பருக்கு அதுல ஒரு நல்ல பேர் உண்டு, லெதர் அளவுக்கு மனுஷ வாடையைப் பிடிச்சு வச்சிக்காது, அதனாலதான் வில் வேட்டைக்காரங்க நிறைய பேர் முழு ரப்பர் பூட்ஸ்லயே போவாங்க. இந்த பூட்ஸ் பாதி ரப்பர் பாதி லெதர், அந்த விஷயத்துல நடுவாந்திரம்.

உட்கார்ந்த பிறகு என்ன பண்றதுங்கிறதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ட்ரீ ஸ்டாண்டோட மிதிமேடை இரும்பு இல்லன்னா அலுமினியம், அது உள்ளங்காலுக்கு அடியில இருந்து சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரு துண்டு ஃபோம் பாய், தண்ணி ஏறாத வகை, தூங்குறதுக்கு விரிக்கிறது, அதுல ரெண்டு கால் வைக்கிற அளவு வெட்டி எடுத்துட்டுப் போங்க. எடையே இல்ல, சத்தமும் கேக்காது, பூட்ஸுக்குக் குடுத்த காசுக்குப் பக்கத்துல இதுக்கு ஆகுறது ஒண்ணுமே இல்ல, ஆனா வித்தியாசம் உடனே தெரியும். தரையில உட்கார்றவங்க பனியை நல்லா ஒதுக்கிட்டு இதை விரிங்க. அடுத்தது உட்கார்ற இருக்கை, அதோட விளிம்பு தொடைக்கு அடியில அழுத்துனா காலுக்குப் போற ரத்தம் குறையும், கால் மரத்துப்போறது குளிரால மட்டும்னு நினைக்காதீங்க, இருக்கை உயரத்தை மாத்திப் பாருங்க.

மைனஸ் 12க்குக் கீழ வேற உதவி வேணும்னு சொன்னேன்ல, அது பூட்ஸ் மேல மாட்டுற கவர். பூட்ஸோட சேத்து அப்படியே உள்ள விட்டு ஜிப் போடுற, பெரிய பஞ்சு உறை. பையில சுருட்டி எடுத்துட்டுப் போய் உட்கார்ந்த பிறகு மாட்டணும். வேர்வையே வராது, ஏன்னா நடக்குறப்போ அது கால்ல இல்ல. என்னைக் கேட்டா 1200 கிராம் பூட்ஸ் வாங்குறதுக்குப் பதிலா 400 கிராம் பூட்ஸும் இந்தக் கவரும் வாங்குறது புத்திசாலித்தனம், நடந்து வேட்டையாடுறவங்களுக்கு மேல சொன்ன ஏற்பாடு இதுதான். ஆனா இதை மாட்டிக்கிட்டு ஏணியில ஏறவோ இறங்கவோ கூடாது, அடிப்பாகம் வழவழன்னு இருக்கும். குனிஞ்சு மாட்டுறப்பவும் பாதுகாப்பு பெல்ட் மரத்தோட கட்டி இருக்கணும், மாட்டுற அவசரத்துல கீழ விழுந்துறாதீங்க.

கால்விரல் வார்மர் பாக்கெட் பத்தி எல்லாரும் கேப்பாங்க. உள்ள இருக்குறது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். இரும்பு துருப்பிடிக்கிறப்போ வர்ற சூடுதான், அதுக்கு காத்து வேணும். இறுக்கமான ரப்பர் பூட்ஸுக்குள்ள காத்து ஏது, அதான் வெளிய கையில வச்சா சுடுறது உள்ள போனதும் வெதுவெதுன்னு ஆகி செத்துப் போகுது. கைக்கான பாக்கெட்டை கால்ல வைக்காதீங்க, காலுக்குன்னே விக்கிறது குறைஞ்ச காத்துல வேலை செய்யுற மாதிரி பண்ணது. பிரிச்சு கொஞ்ச நேரம் வெளிய வச்சு சூடேறுன பிறகு, சாக்ஸ் மேல, விரலுக்கு மேல்பக்கமா ஒட்டுங்க, தோல் மேல நேரா வேணாம், மரத்துப்போன கால்ல சூடு பட்டா கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஃபெல்ட் லைனர் பூட்ஸ்ல உள்ள கொஞ்சம் எடம் இருக்குறதால இது ஓரளவு வேலை செய்யுது. பேட்டரி சாக்ஸும் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, குளிர்ல லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கிடும், குறைஞ்ச சூட்டுல வச்சு கடைசி ரெண்டு மணி நேரத்துக்கு ஓட்டுறதுக்கு சரி. அதை மட்டும் நம்பிப் போறது எனக்கு சரியாப் படல.

இன்னொரு பக்கம் நியோப்ரீன் (ஸ்பாஞ்ச் மாதிரி மெத்துன்னு இருக்குற செயற்கை ரப்பர்) வச்ச ரப்பர் பூட்ஸ் இருக்கு, சேறும் தண்ணியுமா இருக்குற எடத்துக்கும் வாத்து வேட்டைக்கும் அதை அடிச்சிக்க ஆள் இல்ல, ரப்பரும் லெதரும் சேர்ற அந்தத் தையலே கிடையாது. ஆனா வேர்வை எங்கயும் போகாது, துணி உறை உள்ள ஒட்டியே இருக்கும், காய வைக்கிறது பெரும்பாடு. உறைநிலையை ஒட்டின குளிருக்கு அது, ஆழ்ந்த குளிருக்கு இந்த ஃபெல்ட் லைனர் பூட்ஸ். அமெரிக்க ராணுவம் போட்ட பன்னி பூட்ஸ்னு (Bunny, முயல்னு அர்த்தம்) ஒண்ணு இருக்கு, வெள்ளையா குண்டா, கொரியப் போர் காலத்துல வந்த வகை, அது நேர் எதிர் தத்துவம். ரெண்டு ரப்பர் சுவருக்கு நடுவுல கம்பளியை வச்சு அடைச்சிட்டான், வெளித் தண்ணியும் போகாது, வேர்வையும் போகாது, பஞ்சு எப்பவும் காஞ்சே இருக்கும். கால் வேர்வையில ஊறும், ஆனா சூடா ஊறும். வெள்ளை மைனஸ் 54 டிகிரி வரைக்கும், கறுப்பு மைனஸ் 29 வரைக்கும்னு கணக்கு. பக்கவாட்டுல ஒரு வால்வு இருக்கும், விமானத்துல போறப்போ திறந்து வைக்கணும், இல்லன்னா பூட்ஸ் ஊதிடும். அசையாம உட்கார்றதுக்கு அதை விட சூடானது இல்லன்னு சத்தியம் பண்ற பெருசுங்க உண்டு, நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனா அதைப் போட்டுட்டு சத்தமில்லாம நடக்குறது எப்படின்னு அவங்கதான் சொல்லணும்.

சத்தம்னு சொன்னா இந்த பூட்ஸ் மோசமில்ல, ரப்பர் அடி மெத்துன்னு இருக்கு. கடுங்குளிர்ல காஞ்ச பனி மேல எந்த பூட்ஸும் கறக் கறக்னுதான் கேக்கும்.

காய வைக்கிறதுக்கு வருவோம், பூட்ஸ் எத்தனை வருஷம் உழைக்கும்னு முடிவு பண்றது இதுதான். தினமும் சாயங்காலம் லைனரை உருவணும், இன்சோலை உருவணும், ரப்பர் உள்பக்கத்தை துணியால துடைக்கணும். லைனரை அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்துல வைக்காதீங்க, கம்பளி சுருங்கிடும், அப்புறம் உள்ள போகாது, லெதர் வெடிக்கும், ஒட்டுன பசை விட்டுடும். மெதுவா சூடுகாத்து மேல வர்ற பூட்ஸ் டிரையர் இருந்தா நல்லது, இல்லன்னா செய்தித்தாளை கசக்கி ரப்பருக்குள்ள அடைச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. கூடாரத்துல தங்குனா லைனரை தூங்குற பைக்குள்ளயே கால் பக்கமா போட்டுக்கணும், வாடையைப் பொறுத்துக்கோங்க, காலையில உறைஞ்ச லைனரை மாட்டுறதுக்கு இது எவ்வளவோ தேவலை. 9 மில்லிமீட்டர் ஃபெல்ட் ஒரு ராத்திரியில முழுசா காயாது சில நாள், அதனால இன்னொரு ஜோடி லைனர் தனியா வாங்கி வச்சிருக்கேன். இந்த பூட்ஸ் வாங்குனா அந்தச் செலவையும் சேத்தே கணக்குப் போடுங்க. லைனர் தனியா விக்காத கம்பெனின்னா அந்த பூட்ஸே வேணாம், ஃபெல்ட் ரெண்டு மூணு சீசன்ல நசுங்கிப் போகும், ரப்பர் அதுக்கு அப்புறமும் ரொம்ப நாள் இருக்கும்.

கால் மட்டும் தனியா குளிர்றதும் இல்ல. நெஞ்சு, வயிறு, தலை இதுல சூடு குறைஞ்சா உடம்பு முதல்ல பண்ற வேலை கைகால் பக்கம் போற ரத்தக்குழாயைச் சுருக்குறதுதான். தொப்பி போடாம உட்கார்ந்துக்கிட்டு பூட்ஸைத் திட்டாதீங்க. ஸ்டாண்ட்ல உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் இதேதான், நிக்கோடின் குழாயைச் சுருக்கும். சரக்கு சூடு குடுக்கும்ங்கிறதும் பொய், தோல் பக்கம் ரத்தம் போய் உள்சூடு வெளிய போகும், அதுவும் துப்பாக்கி கையில இருக்குறப்போ அந்தப் பேச்சே கூடாது.

வலிக்குதுன்னா இன்னும் பரவால்ல, வலி நின்னு மரத்துப் போச்சுன்னா எந்திரிச்சிடுங்க, மான் நாளைக்கும் வரும். விரல் வெளுத்து மெழுகு மாதிரி கெட்டியா இருந்தா தேய்க்காதீங்க, பனியை வச்சு தேய்க்கிற பழைய வைத்தியம் தோலைக் கிழிக்கும். திரும்ப உறையாதுன்னு உறுதியா தெரிஞ்ச எடத்துக்கு வந்த பிறகுதான், 37லிருந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில வைக்கணும், உடனே டாக்டர்கிட்ட போகணும். இன்னொண்ணு, உறைநிலைக்கு மேல இருந்தா ஆபத்தில்லன்னு நினைக்காதீங்க, 10 டிகிரியில கூட நாள் பூரா ஈரத்துல கால் ஊறுனா நரம்பும் ரத்தக்குழாயும் கெடும். முதல் உலகப்போர்ல பதுங்குகுழியில ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்களுக்கு அப்படித்தான் கால் போச்சு, கடைசியில ராணுவம் கண்டுபிடிச்ச வைத்தியமே காலைத் துடைச்சு காஞ்ச சாக்ஸ் மாத்தச் சொல்லி உத்தரவு போட்டதுதான். வாத்து வேட்டைக்காரங்க வேடர்ஸுக்குள்ள (தண்ணியில இறங்கி நிக்கப் போடுற, பூட்ஸோட சேந்த தண்ணி புகாத உடை) ஈரத்தோட நிக்கிறப்போ இதை ஞாபகம் வச்சிக்கணும்.

சரி, யார் வாங்கலாம். அரைமணி நடைக்குள்ள ஸ்டாண்ட், நீண்ட நேரம் உட்கார்ற பழக்கம், பனி ஆழமா விழுற குளிர், தொடர்ச்சியா சில நாள் தங்குற மாதிரி வேட்டை, இதுல ரெண்டு பொருந்துனாலே வாங்குங்க. வாங்குனா கூடவே தடிமன் இன்சோல், தட்டை லேஸ், இன்னொரு ஜோடி லைனர், கெய்ட்டர். வாங்குன வாரமே தொட்டியில நின்னு பாருங்க, வீட்டுக்குள்ளயே ரெண்டு நாள் போட்டு நடந்து பாருங்க, குதிகால் ரொம்ப வழுக்குச்சுன்னா அடிப்பாகம் அழுக்காகுறதுக்கு முன்னாடியே சைஸ் மாத்திடுங்க.